டயகமவுக்கு ஒரு வெள்ளோட்டம்

தோட்டத்தை நிர்வகித்த துரையின் கார் வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடும். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, தலைக்கு மேல் கூரை கிடையாது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய வண்டி. இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதைப் பார்க்கவென்றே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் பாதையோரத்துக்கு ஓடுவோம். ஆனால் ஒவ்வொரு குழியிலும், அடியிலிருந்து யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் 'டக்கு டக்கு' என்று கேட்கும். ஏப்ரல் மாதம் துரைமார் நுவரெலியாவில் ஓட்டும் மலையேற்றப் பந்தயத்துக்கு முன்பே அந்தச் சத்தம் நிற்க வேண்டுமென்று துரை அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அப்பா தேயிலை ஃபேக்டரியில் மிஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். கெட்டிக்காரர்தான், ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் மாற்றிச் சொல்ல மாட்டார். டயகமவில் இருந்த என் தாய்மாமாவோடு பேச்சு நின்றுபோனதும் அந்தக் குணத்தால்தான். என் காதுகுத்தன்று மழையில் பஸ் நின்றுபோய் மாமா பிந்தி வந்தார். அப்பாவோ நல்ல நேரம் போகிறதென்று வேறொருவர் மடியில் என்னை உட்கார வைத்துக் காதைக் குத்தி முடித்திருந்தார். வாசலில் நின்றபடியே மாமா திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அம்மா பிறந்த வீட்டுப் பக்கம் போகவே இல்லை.

காரிலும் அதே கதைதான். புஷ் தேய்ந்திருக்கும் என்று துரை சொன்னார். இருக்கவே இருக்காது என்று அப்பா வேறு எதையெதையோ கழற்றி மாட்டினார். சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. கடைசியில் சக்கரத்துக்கு மேலே இருக்கும் வில்லுப்பட்டையைக் கழற்றினார். இரும்போடு இரும்பு மோதாமல் இருக்க அதன் முனைக் கண்ணுக்குள் ரப்பர் குழாய்த் துண்டொன்று இருக்கும். அதுதான் புஷ். அது காய்ந்து வெடித்து, பழைய கருவாடுபோல் அவர் கையில் உதிர்ந்தது. "சனியன்" என்றார் அப்பா. புஷ்ஷைத் திட்டினாரா, சரியாகச் சொல்லிவிட்ட துரையைத் திட்டினாரா என்று தெரியவில்லை.

ஹட்டனில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் லொறி புஷ்கள் வாங்கி வந்து, அளவுக்குச் செதுக்கி, சவர்க்காரத் தண்ணீரில் முக்கி, ஒவ்வொன்றாக அழுத்தி ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்துக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"கார்ல வந்து உக்காரு. பாரத்த ஏத்தி வச்சுத்தான் நட்ட முறுக்கணும். இல்லாட்டி ரப்பர் திருகிக்கிட்டுக் கிழிஞ்சிரும்."

"பாரத்துக்கு ஒரு அரிசி மூட்டைய வைக்கலாமுல்லங்க?"

"மூட்டை வாயத் தொறந்து சொல்லுமா, குலுங்குதா இல்லையான்னு? நல்ல சேலையா கட்டிக்கிட்டு வா. தொரை வண்டி."

அம்மா கூறைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். நானும் பாரம்தானே என்று மடியில் ஏறிக்கொண்டேன். அப்பா அடியில் படுத்து நட்டுகளை முறுக்கிவிட்டு எழுந்து, கையைத் துடைத்து, ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார்.

"எங்கங்க போறோம்?"

"மோசமான ரோட்டா பாத்து ஓட்டிப் பாருன்னு தொரை சொன்னாரு. டயகம ரோட்ட விட மோசமான ரோடு எங்க இருக்கு?"

 என்னைப் பிடித்திருந்த அம்மாவின் கை வலிக்கும்படி இறுகியது.

அப்படியொரு பயணம் எனக்கு வாய்த்ததே இல்லை! தேயிலை மலைகள் இரண்டு பக்கமும் சுழன்று சுழன்று ஓடின. காற்று வாய்க்குள் புகுந்து மூச்சை அடைத்தது. பாதை திரும்பும் ஒரு முடக்கில், தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா எதிரே நடந்து வந்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்தாள். அப்பா மட்டும் வேகத்தைக் குறைக்காமல், "ட்ரயலுங்கையா!" என்று கத்தினார். குழி வரும்போதெல்லாம் நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். டக்கும் இல்லை, டிக்கும் இல்லை. "சத்தம் வரலப்பா!" என்று குழிக்குக் குழி கூவினேன். அகரப்பத்தனை தாண்டும்போது அம்மாவும் சேர்ந்து கூவினாள். அப்பா எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தார்.

டயகம லயத்து வாசலில் நின்றதும் பிள்ளைகள் காரை மொய்த்துக்கொண்டார்கள். அத்தை ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். மாமா வெளியே வந்து தூரத்திலேயே நின்றார். அப்பா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, "ரோடு மோசமா இருக்குன்னு வந்தேன். வண்டிக்குப் புதுப் புஷ் போட்டிருக்கு" என்றார்.

மாமா காரை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"எந்தப் பக்கம் மாப்ள?"

அப்பா சட்டென்று இறங்கினார். "நாலு பக்கமும் போட்டிருக்கேன் மச்சான். வாங்க, காட்டுறேன்."

இரண்டு பேரும் புழுதியில் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் நுழைந்தார்கள். வெளியே நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன. நான் பம்பரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். புஷ்ஷைப் பார்க்க அவ்வளவு நேரம் ஆகுமா? குனிந்து காதைக் கொடுத்தால் முணுமுணுப்புத்தான் கேட்டது. உள்ளே தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் வெளியே வந்தபோது இருவருக்கும் கண் சிவந்திருந்தது.

"என்னப்பா, வண்டி கெட்டுப்போச்சா?"

"தூசி பாப்பா" என்று அப்பா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். மாமா என்னைத் தூக்கி ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார வைத்து ஹோர்ன் அடிக்கச் சொன்னார். அடித்துத் தள்ளினேன். டயகம மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

மறுநாள் எங்கள் லயத்தில் வீடு வீடாகப் போய்ச் செய்தி சொன்னேன்: அப்பா போட்ட புஷ்ஷில் ஏதோ கோளாறாம், டயகம மாமா அடியில் படுத்துச் சரி பண்ணினாராம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அப்பா வந்து நின்றார்.  தன் வேலையில் இன்னொருவன் குறை கண்டான் என்றால் துரையிடமே சண்டைக்குப் போகிறவர். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆமா, மச்சான்தான் சரி பண்ணினாரு" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ஃபேக்டரிக்கு நடந்தார்.

அப்படியென்றால் காரில் உண்மையாகவே கோளாறு இருந்திருக்கிறது என்றுதான் நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.