நான் இல்லாமல் நடந்த என் ஜெபம்

போன புதன்கிழமை மத்தியானம் என் வீட்டு முன்னறையில் நான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். அதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அந்த நேரத்தில் நான் சமையலறையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்...

குரல் என்னுடையதுதான். சந்தேகமே இல்லை. 'இம்மட்டும் எங்களை நடத்தி வந்த ஆண்டவரே' என்று ஆரம்பித்தது. பயத்தில் கையிலிருந்த கீரையைக் கீழே போட்டுவிட்டேன். அதைவிடப் பயம் எதில் தெரியுமா? என் வாயும் கூடவே முணுமுணுத்தது. ஒரு சொல் முந்தவில்லை, பிந்தவில்லை. நடுவில் அந்தக் குரல் ஒரு தடவை இருமியது. அதே இடத்தில் நானும் இருமினேன்!

எழுந்து போய்ப் பார்த்தேன். மருமகள் ஜெபாவின் செல்போன் மேஜைமேல் பேசிக்கொண்டிருந்தது.

"துபாய்ல இருக்க அண்ணிக்கு அனுப்பலாம்னு போன வாரக் கூட்டத்துல ரெக்கார்ட் பண்ணேன் அத்தை. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

எங்கள் லாலாகுடா பேட்டையில் புதன்கிழமை தோறும் சாயங்காலம் நாங்கள் பதினாறு பேர் கூடுகிறோம். முடிவு ஜெபம் நாற்பது வருஷமாக என்னுடையது. எழுத்துக் கூட்டித்தான் வேதம் வாசிப்பேன். ஆனால் ஜெபத்தில் என்னை அடிக்க ஆள் கிடையாது. அந்தப் பெருமை எனக்கு உண்டு. ஏன் மறைக்க வேண்டும்?

சரி, கேட்போமே என்று உட்கார்ந்தேன். குரல் போய்க்கொண்டே இருந்தது. 'எங்கள் ஜெயசீலியை ஆஸ்பத்திரியிலிருந்து சுகத்தோடு வீடு கொண்டு வந்து சேரும், ஆண்டவரே.'

ஜெபா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

எங்கள் கூட்டத்து ஜெயசீலி இறந்து பத்து வாரம் ஆகிறது. குழியில் மூன்று பிடி மண் போட்டவள் நான்!

செல்போனில் எல்லாரும் 'ஆமென்' சொன்னார்கள். பதினாறு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. சத்தம் அடங்கியபின், தனியாக, மெதுவாக இன்னொரு 'ஆமென்' கேட்டது. ஜெயசீலியின் புருஷன் தங்கராஜ்.

என் வீட்டுக்காரர் ரயில்வே வொர்க்ஷாப்பில் இருந்தவர். ரிட்டயர் ஆன பிறகும் காலையில் சங்கு ஊதினால் தூக்கத்திலேயே எழுந்து சட்டை மாட்டுவார். நான் சிரிப்பேன். நீங்கள் சொல்லுங்கள் — போன ஞாயிறு சபையில் வாய் ஒருபக்கம் ஓட, மனசு குக்கர் விசிலை எண்ணவில்லையா?

நாலு மணிக்குத் தங்கராஜ் வீட்டுக்குப் போனேன். அடுத்த தெருதான். கதவைத் தட்டக் கை வைத்ததுமே திறந்துகொண்டது.

"தம்பி, பத்து வாரமா என் வாய் உளறிட்டிருக்கு. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"மொத வாரம் சுருக்குன்னு இருந்துச்சுக்கா. சரி, அக்கா மறந்துட்டாங்கன்னு நெனச்சேன்." எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "ரெண்டாவது வாரமும் சொன்னீங்க. அக்கா காரணமில்லாம கேக்க மாட்டாங்களேன்னு தோணிச்சு. எல்லாரும் வேற ஆமென் சொல்றாங்க..."

"அப்புறம்?"

"மூணாவது வாரத்துல இருந்து கதவத் தாழ்ப்பா போடறதில்ல."

அடுப்படியை எட்டிப் பார்த்தேன். இரண்டு டம்ளரில் காபி ஊற்றி மூடி வைத்திருந்தது. வீட்டில் இருந்ததோ அவர் ஒருவர்தான்.

நான் யோசிக்காமல் சொன்ன ஜெபத்தை ஒரு மனுஷன் முழுசாக நம்பிக்கொண்டிருக்கிறான். "சாயங்காலம் தவறாம வாங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறரைக்கு முடிவு ஜெபம். 'இம்மட்டும்' என்று வாய் தானாகக் கிளம்பியது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறகு ஒன்றுமே வரவில்லை. நாற்பது வருஷத்துக்குப் பிறகு, ஆண்டவரிடம் பேச எனக்கு ஒரு சொல் இல்லை! பாய்மேல் பதினைந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மௌனத்தில், எதிரில் யாரோ உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. நிஜமாகவே பயந்தேன். கடைசியாக அப்படிப் பயந்து ஜெபித்தது எப்போது என்று நினைவே இல்லை.

"ஆண்டவரே, ஜெயசீலி செத்துப்போனா. நான் கவனிக்காம உம்மகிட்ட பேசிட்டிருந்தேன், மன்னியும்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. தங்கராஜ் மட்டும் பாயில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். அடக்கத்தன்று கூட அழாத மனுஷன். அவர் அழுது முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ஜெபா கேட்டாள்: "என்ன அத்தை, இன்னிக்கி ரெண்டே வரியோட முடிச்சுட்டீங்க?"

"ஆமா. ரெண்டையும் நான்தான் சொன்னேன்."