வால் நுனி கறுப்பு

ஆறு வயதுப் பெண் ஒருத்தியைப் புத்தி மந்தம் என்று, அவள் எதிரிலேயே, ஓர் அதிகாரியிடம் சொன்னேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

ஐம்பதுகளின் கடைசியில், உத்திரமேரூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியராக இருந்தேன். ஏரிக்கரையை ஒட்டிய கூரைக் கொட்டகைதான் பள்ளி. எழுத்துக்கு முன்னால் பிள்ளைகள் மிருகங்களைப் பார்த்துப் பெயர் சொல்லப் பழக வேண்டும். அதற்கென்று, சீமைப் புத்தகத்தைப் பார்த்து அச்சடித்துத் துணியில் ஒட்டிய பெரிய படம் ஒன்று தொங்கும். அதில் பன்னிரண்டு மிருகங்கள். ஏரிக்காற்று வந்தால் படம் மெல்ல ஆடும். பிள்ளைகளுக்குக் கண் செருகும் பிற்பகலில் யானை மூச்சு விடும், ஒட்டகம் ஒரு காலை எடுத்து வைக்கும். நானும் பாதித் தூக்கத்தில் குச்சியை நீட்டுவேன். "மா...டு" என்று தாலாட்டுப்போல இழுத்துப் பதில் வரும். வெளியே நிஜ மாடு ஒன்று அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

அந்தப் பெண் கூலிவேலைக்காரர்களின் குடியிருப்பிலிருந்து வந்தவள். சேரிப் பெண் என்றுதான் அன்று சொல்வோம். பள்ளிக்கு முன்னும் பின்னும் நாலு ஆடு மேய்ப்பாள். நான் நரியின்மேல் குச்சி வைத்த நாளில் வகுப்பே "நரி" என்றது. அவள் மட்டும் எழுந்து நின்றாள்.

"இது நரி இல்ல சார்."

"பின்னே என்ன?"

"தெரியல சார். நரிக்கு வாலு நுனி கறுப்பா இருக்கும். இதுக்கு வெள்ளையா கீது."

மிராசுதார் வீட்டுப் பையன் ஒருவன், "இவ மாமன் நரி, அதான் தெரியுது சார்" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். கீழே 'நரி' என்று அச்சிட்டிருக்கிறதே என்று குச்சியால் தட்டிக் காட்டினேன். எழுத்துத் தெரியாத அவள் அந்தக் கோடுகளைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் பார்வைக்கு வரும் காலத்தில் நாங்கள் ஒரு தந்திரம் செய்வோம். ஒரு பிள்ளைக்கு ஒரு மிருகம் என்று பிரித்துக் கொடுத்து, படத்தின் வரிசைப்படியே உட்கார வைப்போம். யானைக்கு ஒருவன், கரடிக்கு ஒருத்தி. நரி அந்த மிராசுதார் வீட்டுப் பையனுக்கு. அவளுக்கு மிருகமே இல்லை. "யார் கேட்டாலும் நீ வாயைத் திறக்கக் கூடாது" என்று சொல்லிக் கடைசியில் உட்கார வைத்தேன்.

வந்தவருக்கு எங்கள் தந்திரம் பழையது. நரியைத் தொட்டுவிட்டு நேராக அவளைப் பார்த்து, "இது என்ன?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் மறுபடி கேட்டார். பொத்திய கை இறங்கவில்லை.

அப்போதுதான் சொன்னேன்: "அது கொஞ்சம் புத்தி மந்தம் சார். அந்தப் பக்கத்துப் பிள்ளை."

அவர் தலையசைத்து, பார்வைப் புத்தகத்தில் அவள் பெயருக்கு எதிரே அதை எழுதினார். அன்று மாலையே வகுப்பு அவளுக்கு 'மந்தம்' என்று பெயர் வைத்துவிட்டது. நாலாம் நாள் அவள் வரவில்லை. பிறகு வரவே இல்லை. நான் போய்க் கேட்கவும் இல்லை.

மார்கழியில் ஒரு விடியற்காலை, ஏரிக்கரைமேல் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். பனியில் ஏரி எது, வானம் எது என்று தெரியவில்லை. பத்தடி முன்னால் பனியே திரண்டு ஓர் உருவமானதுபோல அது நின்றது. பழுப்பும் சாம்பலும் கலந்த உடம்பு. என்னைப் பார்த்தது. எனக்குப் பயம் வரவில்லை. எங்கேயோ பார்த்த ஆள்போலத் தோன்றியது. அவசரமில்லாமல் திரும்பிக் கோரைக்குள் இறங்கியது. கடைசியாக மறைந்தது வால் நுனி. கறுப்பு.

அன்று பள்ளியில், பேனா மையைத் தொட்டுப் படத்து நரியின் வால் நுனியைக் கறுப்பாக்கினேன். பிள்ளைகளிடம், "அவள் சொன்னதுதான் சரி. அவளை மந்தம் என்று நான் சொன்னது பொய்" என்றேன். மாலையில் அவள் அம்மா வேர்க்கடலைக்குக் களை பறிக்கும் வயலுக்குப் போய் வரப்பில் நின்றேன்.

"இன்னா சார் இவ்ளோ தூரம்? மந்தத்துக்கு இன்னாத்துக்குப் படிப்பு?" என்றாள் நிமிராமலே.

"நான் சொன்னது தப்பும்மா. அனுப்பி வையுங்கள்."

"ஆட்ட யாரு பாக்கறது? நீங்க மேய்ப்பீங்களா?"

"ஆட்டையும் ஓட்டிக்கொண்டு வரட்டும்."

களை பறித்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "பாத்து சார், வேட்டியத் துன்னுடும்" என்றாள் ஒருத்தி.

மறுநாள் மகள் ஆடுகளோடு பள்ளிக்கு வந்தாள். புங்க மரத்தில் அவற்றைக் கட்டிவிட்டு நேராகப் படத்திடம் போனாள். வெகுநேரம் பார்த்தாள்.

"வாலு சரி சார். காலு இவ்ளோ கறுப்பு இருக்காது. மூஞ்சியும் வேற."

பதினோரு நாள் வந்தாள். பன்னிரண்டாம் நாள் நெல் அறுப்பு தொடங்கியது. கதிர் பொறுக்க ஆள் வேண்டும் என்று அம்மா நிறுத்திவிட்டாள். நான் மறுபடி போய்க் கேட்டேன், நடக்கவில்லை. அடுத்த பார்வையில் இன்ஸ்பெக்டரிடம் உண்மையைச் சொல்லி, அந்த வரியை அடித்துவிடக் கேட்டேன். எழுதினதை அடிக்க வழியில்லை என்றார். படத்தில் மை பூசியதற்கு எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். கொடுத்தேன்.

அதன் பிறகு நான் சைக்கிளில் வரும் நேரத்தில் அவள் கரைமேல் ஆடுகளோடு நிற்பாள். ஈர மண்ணில் கிடக்கும் காலடிகளைப் பார்த்து, "சார், இன்னிக்குக் கீரி" என்பாள். இன்னொரு நாள், "மொயலு சார், ரெண்டு." அதையே அன்றைக்கு முதல் பாடமாக நடத்துவேன். பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப்போய் அந்தத் தடத்தைத் தொடச் சொல்வேன். சில வருடம் அப்படி நடந்தது. பிறகு அவளைப் பழையசீவரம் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பதினோரு நாளில் எழுத்துப் பாடத்தில் நாங்கள் 'ஆடு' வரைக்கும்தான் வந்திருந்தோம். 'நரி' என்று எழுத அவளுக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை.