சாம்பல் கட்டத்தில் இருந்த அத்தை

மரக்காணம் உப்பளத்தில், வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே வரப்பில் நின்றிருந்தார் அத்தை. கறுத்து மெலிந்த உடம்பு. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் சட்டை. எதைத் தொடுவதற்கு முன்பும் கையை அந்தச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

அவர் என் அப்பாவின் அக்கா. வேறு சாதியில் கட்டிக்கொண்டதற்காக வீட்டில் அவரைத் தலைமுழுகிவிட்டார்கள். சின்ன வயதிலேயே செத்துப்போனதாகத்தான் அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். குடும்ப வரலாறு தேடும் செயலியில் நானும் அப்படியே பதிந்திருந்தேன். அதே செயலியில் அத்தையின் மகள் போட்டிருந்த குடும்ப மரம் என்னுடையதோடு பொருந்துவதாகத் தகவல் வந்த பிறகுதான் தேடிப் போனேன். அவர்கள் மரத்தில் அப்பா, அம்மா, நான் எல்லோரும் இருந்தோம்.

“உன்னுதுல நான் எங்க இருக்கேன், காட்டு,” என்றார் கையைத் துடைத்துக்கொண்டே.

காட்டினேன். சாம்பல் நிறக் கட்டம். பெயருக்குக் கீழே ‘மறைவு’.

“இப்பவே மாத்திடறேன் அத்த.”

“உங்கப்பன் இதப் பார்ப்பானா?”

“பார்ப்பாரு.”

“அப்ப வேணாம்பா. பெத்த புள்ளைகிட்ட பொய் சொல்லிட்டமேன்னு கூனிக் குறுகிப் போயிடுவான். அவன் காலத்துக்கு அப்புறம் மாத்திக்க.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் போனைச் சட்டைப்பைக்குள் போட்டிருந்தேன். அதை அவர் பார்த்துவிட்டார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்துக்கொண்டார்.