இலை சிவக்கவில்லை என்ற அம்புரோஸ்

அரவேணு பக்கத்தில் எங்கள் தேயிலை ஃபாக்டரியில் அம்புரோஸ் மச்சானுக்குத் தெரியாமல் ஒரு கைப்பிடித் தூள்கூட டிரையருக்குள் போகாது. என் மனைவியின் அண்ணன். இருபத்திரண்டு வருடமாக இலைக்குப் பக்குவம் பார்க்கிறவர். அரைத்த இலை பச்சையிலிருந்து மெல்லச் செம்பு நிறத்துக்கு வரும். வந்ததும் டிரையருக்குத் தள்ள வேண்டும். தாமதித்தால் டீ சப்பென்று போய்விடும். சிலர் மணத்தை வைத்தும் சொல்வார்கள். மச்சான் ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி பிடிக்கிறவர், மூக்கு எப்போதோ செத்துப்போயிற்று. அவருக்கு எல்லாமே கண்தான்.

அந்தக் கண்தான் போன வருடம் பிதுங்க ஆரம்பித்தது. தைராய்டு என்று கோத்தகிரியில் மாத்திரை கொடுத்தார்கள். ஞாபகம் வந்தால் போடுவார். இமை வீங்கி, விழி இரண்டும் முறைத்தபடியே நிற்கும். அவர் கோபமாக இருக்கிறார் என்று புதிதாக வந்த பெண்கள் ஒதுங்கிப் போனார்கள். உண்மையில் கோபப்பட வேண்டியவன் நான். ஃபாக்டரி எலக்ட்ரீஷியன் நான்தானே!

"வெளிச்சம் பத்தலீங்க மாப்ள. எலை செவக்கறதே தெரிய மாட்டேங்குது. ட்யூப்லைட்டை மாத்துங்க."

மாற்றினேன். இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே பல்லவி. மூன்று மாதத்தில் நான்கு முறை ஏணி ஏறினேன். மழையில் நனைந்த இலை என்றார், மெஷின் சரியில்லை என்றார். இன்னும் சிவக்கவில்லை என்று இவர் காத்திருந்து காத்திருந்து தூள் கறுத்துப்போனது. வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்ப, முதலாளி கத்தித் தீர்த்தார். கண்ணைக் காட்டுங்கள் என்றால், சர்ச் ஹாலில் நடந்த கண் கேம்ப்பில் கடைசி வரி வரை படித்த பெருமையை எடுத்து விடுவார்.

"எழுத்துத் தெரியுதுங்க. அப்பறம் கண்ணுக்கு என்ன கேடு?"

இந்த மனிதரோடு மல்லுக்கட்டுவதைவிட ஏணி ஏறுவது சுலபம். அதனால் ஏறிக்கொண்டே இருந்தேன்.

ஐந்தாவது முறை மேலே நின்றபடி, "அந்தச் செவப்பு ஒயரை எடுங்க மச்சான்" என்றேன். கறுப்பைக் கொடுத்தார். "செவப்புங்க" என்றேன். அதையே மறுபடியும் நீட்டினார். விளையாடுகிற முகமில்லை அது. மறுநாளே லீவு போட்டு, கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். மேட்டுப்பாளையம் இறங்கும்வரை ட்யூப்லைட்டைத்தான் குறை சொல்லிக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா ஒரு மருந்து பாட்டிலின் சிவப்பு மூடியைக் காட்டினார். மச்சான் இடது கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, "செவப்புங்க" என்றார். அடுத்து டாக்டரம்மா வலது கண்ணை மூடச் சொன்னார்.

"அதே செவப்புங்க. நல்லாத் தெரியுதுங்க."

இந்த முறை டாக்டரம்மா கையில் இருந்தது பச்சை மூடி.

"எதுக்கு மச்சான் பொய் சொல்றீங்க?" என்று ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

"தெரியலீன்னு எழுதிக் குடுத்துட்டா, என்னைய எலை பாக்க உடுவாங்களா மாப்ள?"

ஸ்கேனில் எல்லாம் தெரிந்துவிட்டது. கண்ணுக்குப் பின்னால் தசைகள் வீங்கிப் பார்வை நரம்பை நெரித்துக்கொண்டிருந்தன. விழித்திரையில் மடிப்பு விழுந்திருந்தது. நரம்பு விழிக்குள் நுழைகிற இடமும் உப்பியிருந்தது. பல பேருக்கு நிறம்தான் முதலில் மங்கும், எழுத்து பிறகுதான் போகும் என்றார் டாக்டரம்மா. இன்றைக்கே அட்மிட் ஆக வேண்டும், மூன்று நாள் ஸ்டீராய்டு டிரிப், கேட்காவிட்டால் ஆபரேஷன், பீடியை அடியோடு விட வேண்டும். வலது கண்ணைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். இடது கண்ணுக்கு உறுதி சொல்ல முடியாது, முன்பே வந்திருக்க வேண்டும் என்றார்.

மச்சானுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"எலை பாக்கறதுக்கு ஒத்தைக் கண்ணு போதுமுங்களா?"

டாக்டரம்மா அட்மிஷன் சீட்டை எழுத ஆரம்பித்தார். மச்சான் என் பக்கம் திரும்பினார். அவர் இடத்தில் வேறு ஆளைப் போட்டாகிவிட்டது என்று காலையிலேயே முதலாளி எனக்குப் போன் செய்திருந்தார்.

"தாராளமாப் போதும் மச்சான்" என்றேன்.