நகப்பாலிஷ் சீல்

காரைக்காலில் எலெக்ட்ரானிக்ஸ் பழுதுபார்க்கும் கடை வைத்த புதிதில், சர்க்யூட் போர்டைவிட மனிதர்களைச் சந்தேகிப்பதில்தான் எனக்குத் திறமை அதிகம். மோட்டாருக்குப் போகும் கரண்டைச் சரிசெய்ய, போர்டில் பட்டாணி அளவில் பிரீசெட் என்று ஒரு குட்டித் திருகு இருக்கும். அதைத் திருகி முடித்ததும், வேறு யாரும் கை வைத்தால் தெரியட்டும் என்று மனைவியின் சிவப்பு நகப்பாலிஷால் அதன்மேல் சீல் வைப்பேன்.

தருமபுரம் ஸ்டெல்லா அக்காவின் எம்பிராய்டரி மெஷின் போர்டு மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. ஊசி தடம் மாறித் தைக்கிறதாம். மறுநாள் கல்யாணப் புடவையைக் கொடுக்காவிட்டால் அவர் பேர் கெட்டுவிடும்.

சீல் அப்படியே இருந்தது. கரண்ட் மட்டும் குறைந்திருந்தது. அக்காவின் நகத்தைப் பார்த்தேன். அதே சிவப்பு!

"நீங்களே திருகிட்டு மேல பாலிஷ் வச்சிட்டீங்களாக்கா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாருங்க. என் கண்ணு முன்னாடியே சரிபண்ணுங்க தம்பி."

ஜம்பமாகத் திருகி, மீட்டர் முள்ளைச் சரியான இடத்தில் நிறுத்தி, பாலிஷ் வைத்தேன். பாலிஷ் பிரீசெட்டுக்குள் இறங்க இறங்க முள் மெல்லச் சரிந்தது.

"இப்ப யாரு தம்பி திருகுனா?"

புதுப் பிரீசெட் போட்டு, சீல் இல்லாமல் கொடுத்தேன். புடவை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் அக்கா பாலிஷ் அழிக்கும் மருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "மத்தவங்களையும் கூப்பிட்டு போர்டை வாங்கிப் பாத்துருங்க."

வாங்கினேன். எல்லோருக்கும் காசு வாங்காமல் பிரீசெட் மாற்றினேன். அவர்களை நான் முறைத்த முறைப்பை மட்டும் மாற்றிக் கொடுக்க வழி தெரியவில்லை.