மிச்சத்தை மட்டும் உண்பவர்

தூணுக்குப் பின்னால் பாதி உடம்பை ஒளித்துக்கொண்டு, கோயில் சமையற்காரர் பிரசாத வரிசையைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். அவர் பார்ப்பது நீட்டும் கைகளை அல்ல, மெல்லும் வாய்களை. முதல் கவளத்தை விழுங்கியவர் நேரே குடிநீர்க் குழாய்க்கு நடந்தால் உப்புக் கூடிவிட்டது என்று பொருள். இலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டால் அது வீட்டாருக்குக் கொண்டுபோகும் பாசமாகவும் இருக்கலாம், தெருமுனையில் நாய்க்குப் போடும் உத்தேசமாகவும் இருக்கலாம். பிரசாதத்தை யாரும் குறை சொல்வதில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு விழுங்கிவிடுகிறார்கள். அதுதான் அவருக்குத் தலைவலி.

இந்தக் கோயிலில் படையலுக்கென்று தனிப் பட்டியல் கிடையாது. வேண்டிக்கொண்டவருக்கு எது உயிரோ, அதையே சாமிக்குப் படைக்க வேண்டும். ஆகவே சாக்லேட் கேக், நூடுல்ஸ், சாண்ட்விச் எல்லாம் மடைப்பள்ளிக்குள் நுழைந்தாயிற்று. முட்டையும் பூண்டும் வெங்காயமும் மட்டும் வாசலோடு நிற்கின்றன. படைப்பதற்கு முன் ருசி பார்க்கக் கூடாது. படைத்த பிறகும், வந்தவர்கள் அனைவரும் உண்டபின் கடைசி ஆளாகத்தான் சமைத்தவர் உண்ண வேண்டும். நன்றாக அமைந்த பண்டம் அவர் முறை வருவதற்குள் தீர்ந்துவிடும். அமையாதது அவருக்காகக் காத்திருக்கும். இப்படியாக, மனிதர் தம் தோல்விகளை மட்டுமே தின்று பழகியவர்.

"இந்த கேக்கை எப்படித்தான் திங்கிறாங்களோ, செங்கல்லுல சர்க்கரை தடவின மாதிரி இருக்கு" என்று மனதாரச் சொல்வார். நல்ல கேக் எதுவும் அவர் வாய்வரை வந்ததில்லை.

பானைகளோடு மரியாதையாகப் பேசுவார். பொங்கப்போகும் பாலிடம், "பொறும்மா, உன்னைத்தான் பாத்துட்டிருக்கேன்" என்பார். பாத்திரம் தேய்க்கும் அக்கா அதைக் கேட்டுவிட்டு, "எங்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டால், "நீ பொங்கினா அடுப்பு அணையுமா?" என்று பதில் வரும்.

நூடுல்ஸ்தான் அவரைக் கவிழ்த்தது. எதை வேகவைத்தாலும் தண்ணீரில் உப்புப் போடுவது அவர் கைப்பழக்கம். கூடவே வந்த பொட்டலத்து மசாலாவிலும் உப்பு உண்டென்பதைத் தின்று பார்த்தவரல்லவா அறிவார்? அன்று குழாயடியில் பிரசாத வரிசையைவிட நீளமான வரிசை நின்றது.

"சாமி கல்லா இருக்கப் போய் நீங்க பொழைச்சீங்க" என்றார் அக்கா.

மறுநாள் கோயில் கமிட்டிச் செயலாளர் மடைப்பள்ளி வாசலில் வந்து நின்றார். "இனிமே இந்தப் புது ஐட்டமெல்லாம் பேக்கரியிலயே வாங்கிடலாம்னு கமிட்டியில சொல்றாங்க. பூ கட்டற இடத்துல ஆள் வேணும். நீங்க அங்க வந்துடுங்களேன்."

"மிளகாய்க் கை சார். நான் பூ கட்டினா சாமி தும்முவாரு."

செயலாளருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "சரி, வெள்ளிக்கிழமை பீட்சா ஒண்ணு இருக்கு. அதை நீங்க பண்ணுங்க. மிஞ்சிச்சுன்னா பேக்கரிதான்."

அந்த வேண்டுதல் ஒரு பள்ளிச் சிறுமியுடையது. அவள் அப்பாவுக்கு வீட்டோடு இருக்கும்படி மாற்றல் கிடைத்திருந்தது. சமையற்காரர் அவளைக் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்காரவைத்து விசாரணையைத் தொடங்கினார்.

"எப்படி இருக்கணும்? ஒண்ணு விடாம சொல்லு."

"கீழ மொறுமொறுன்னு, மேல மெத்துனு. பிச்சா நூல் நூலா வரணும் மாமா."

"நூல் விட்டா கெட்டுப்போச்சுன்னு கொட்டிடுவோமே பாப்பா."

"ஐயோ, கொட்டிடாதீங்க. அதுதான் பீட்சா."

சீஸில் உப்பு உண்டா என்று கேட்டார். இருக்குமென்று நினைப்பதாக அவள் சொன்னாள். நினைப்பு போதாது. கோயிலுக்கு வெளியே, படையலுக்கு வாங்காத வேறொரு கட்டியிலிருந்து ஒரு துண்டைத் தின்று பார்த்து வந்து சொல்லும்படி அனுப்பினார். அவள் திரும்பி வந்து, "நிறையவே இருக்கு" என்றதும், கையில் எடுத்த உப்பில் பாதியை ஜாடியில் திரும்பக் கொட்டினார்.

வெள்ளியன்று, கனத்த இரும்புத் தட்டில் மாவைப் பரப்பி, மூடி போட்டு, மூடியின் மேலும் தட்டின் கீழும் தணல் வைத்து வேகவைத்தார். மூடியைத் திறந்தபோது குமிழியிட்டுக் கிடந்ததைப் பார்த்து, "வெந்துச்சா, புண்ணாச்சா?" என்று அவரே அக்காவைக் கேட்டார். அக்காவுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் அதைப் பயந்தபடியே சன்னதிக்கு அனுப்பினார்கள்.

வழக்கப்படி முதல் துண்டு செயலாளருக்குப் போயிற்று. தூணுக்குப் பின்னாலிருந்து சமையற்காரர் அவருடைய தாடையையே பார்த்தார். செயலாளர் மென்றார், விழுங்கினார், இலையைப் போட்டார், இடமும் வலமும் பார்த்தார். பிறகு, யாரையோ தேடுகிறவர்போல் நடந்துபோய் வரிசையின் கடைசியில் மீண்டும் நின்றுகொண்டார்.

அவருக்கு இரண்டாம் துண்டு கிடைக்கவில்லை. தட்டு காலி. "தேய்க்கறதுக்குக்கூட ஒண்ணும் வைக்கல" என்று அக்கா வெறும் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். போகிற வழியில் செயலாளர், "அடுத்த வாரம் ஒரு கேக் இருக்கு, பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார். பேக்கரியைப் பற்றிப் பேச்சில்லை.

கூட்டம் கலைந்ததும் சிறுமி ஓடிவந்து அவர் கையில் ஓர் இலையைத் திணித்தாள். "உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன் மாமா" என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் ஓடிவிட்டாள். இலைக்குள் ஒரு துண்டு, இன்னும் சூடாக. அவர் கையால் ஆனது, நன்றாக ஆனது. முதல் முறையாக அவரிடம் வந்திருந்தது. அவர் சுவரோரம் போய் உட்கார்ந்து, இலையை மடியில் விரித்தார்.

அப்போதுதான், கழுத்தில் அலுவலக அட்டை ஆட, ஒரு பெண் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். "பிரசாதம் முடிஞ்சிடுச்சாங்க? பஸ் கிடைக்கவே இல்ல."

சமையற்காரர் இலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"முடியலைம்மா. இந்தா" என்று இலையோடு நீட்டினார்.

அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தாள். தோள் துண்டில் துடைக்கப் போன அவர் கட்டைவிரல் பாதி வழியில் நின்றது. அதில் சீஸ் கொஞ்சம் ஒட்டியிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, விரலை வாய்க்குள் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.