கடுகுப் பையும் வெந்நீர்க் குளமும்

தென்காசியில் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள் நான். இந்த ஊர்ப் பெண்களில் பாதிப்பேருடைய தோள் அகலமும் கை உயரமும் எனக்கு அத்துப்படி. முகம் மறந்தாலும் அளவு மறக்காது. எந்த உடம்பில் எதைத் துணியால் மறைக்க வேண்டும், எதை எடுத்துக்காட்ட வேண்டும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்குப் புற்றுநோய் வந்து இடது மார்பை எடுக்க வேண்டியதாயிற்று. ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்றுவது முடிந்து, உதிர்ந்த முடி திரும்ப வளர்ந்து, "இனி ஆறு மாசத்துக்கு ஒருக்க வந்தா போதும்" என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்கு வீட்டுக்கு வந்து முதலில் செய்த வேலை, எனக்கென்று ஒரு பை தைத்ததுதான்.

முதலில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். கனமே இல்லாமல் மெல்ல மெல்லத் தோளுக்கு ஏறிக்கொண்டது. பிறந்த குழந்தைக்குக் கடுகுத் தலையணை தைத்துக் கொடுப்போமே, அது ஞாபகம் வந்தது. மல் துணியில் பை தைத்து, கழுவிக் காயவைத்த கடுகை நிரப்பி, ரவிக்கைக்குள் அதற்கொரு உறையும் வைத்தேன். கனமும் கச்சிதம், வடிவமும் கச்சிதம். கடைக்கு வருகிற ஒருத்திக்கும் வித்தியாசம் தெரியவில்லை. என் கைவேலையை நினைத்து நான் இவ்வளவு கர்வப்பட்டது கிடையாது.

ஒரே ஒரு குறை. கடுகு நனையக் கூடாது.

வேறு ஊர்க்காரிக்கு இது ஒரு குறையே இல்லை. பாத்ரூமில் கழற்றி வைத்துவிட்டுக் குளித்தால் ஆயிற்று. ஆனால் எனக்குக் குற்றாலம் கூப்பிடு தூரம். சாரல் விழுந்து, அருவியில் தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் கத்தரிக்கோலை அப்படியே போட்டுவிட்டுப் பஸ் ஏறுகிறவளாக இருந்தேன். தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் நின்றால் அருவியே பிசுக்கையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது என்று அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். அது வெளியூர்க்காரர்களுக்கு என்பது என் கட்சி. பெண்கள் பக்கத்தில் நைட்டியும் சுடிதாருமாக ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து நிற்போம். நனைந்த துணி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பற்றி ஒருநாளும் நான் யோசித்ததில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அதைத் தவிர வேறொன்றையும் யோசிக்க முடியவில்லை. இந்த ஊர் முழுக்க என் கடைக்கு வருகிற பெண்கள்தான். அத்தனை பேர் முன்னால் ஒரு பக்கம் தட்டையாக எப்படி நிற்பது?

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். சீசன் தொடங்கினால், வீட்டு முன்னறையில் இருக்கிற என் கடையின் வாசலில் வந்து நிற்பார்.

"ஏளா, சாரல் விழுந்துட்டு. போவமா?"

"துணி குவிஞ்சு கெடக்கு. நீங்க போயிட்டு வாங்க."

அடுத்த வருடம் கழுத்துவலி என்றேன். அதற்கடுத்த வருடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நாலாவது வருடம் அவர் கேட்கவே இல்லை. தனியாகப் போய்க் குளித்துவிட்டு வந்து துண்டைக் கொடியில் போடுவார். அதில் மலைத்தண்ணீரின் வாசம் இருக்கும். எனக்கு அழுகை முட்டும். அழமாட்டேன். ஈரத்துண்டை ஏன் என் சேலை மேல் போட்டீர்கள் என்று சண்டை பிடிப்பேன். பாவம், அவர் எடுத்து வேறு இடத்தில் போடுவார்.

எங்கள் மகள் ஜப்பானில் இருக்கிறாள். வடக்கே, பனி கொட்டுகிற சின்ன ஊர் ஒன்றில், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் வேலை. "எம்மா, பங்குனி முகூர்த்தம் முடியட்டும். நீ இங்கன வந்து பத்து நாள் இருந்துட்டுப் போ" என்று டிக்கெட்டே எடுத்து அனுப்பிவிட்டாள். "பனியெல்லாம் நான் பட்டாளத்துலயே பாத்தாச்சு. நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார் இவர். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் ஒரு பாட்டிலை நாலு பாலித்தீன் பையில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். நல்ல தண்ணீர் இருக்கிற ஊர் என்று அவள் சொல்லியிருந்தாள்.

சித்திரை மாதம். நம் ஊரில் தார் உருகுகிற நேரம். அங்கே மலைச்சாலையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனி நின்றது. வெந்நீர் ஊற்று இருக்கிற ஒரு பழைய விடுதிக்கு மகள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பக்கத்தில் மலைக்கு மலை இப்படி ஊற்று உண்டாம். பூமிக்குள் இருந்து கொதித்து வருகிற தண்ணீரைக் குளமாகக் கட்டி, ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று விட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் பாதி தூரம் போனபிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

"எம்மா, அங்கன குளிக்கும்போது ஒண்ணும் உடுத்தக் கூடாது, பாத்துக்க."

"ஒண்ணும்னா?"

"ஒண்ணும்னா ஒண்ணும்தான். எல்லாரும் அப்படித்தான்."

"ஏட்டி, பெத்தவள இம்புட்டு தூரம் வரவச்சு அம்மணமா நிறுத்தப் போறியா?"

நான் போட்ட சத்தத்தில் டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

விடுதியைச் சுற்றிக் கந்தக வாசம். தீபாவளி முடிந்த மறுநாள் தெருவில் அடிக்குமே, அந்த வாசம். மகள் மட்டும் போய்க் குளித்துவிட்டு முகமெல்லாம் சிவந்து வந்தாள். நான் அறையில் கடுகுப் பை சகிதம் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஈரத்தலையோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இதுக்குத்தாம்மா ஒன்ன வரச்சொன்னேன். எங்க இல்லத்துல ஆச்சிமார தெனமும் குளிப்பாட்டுதேன். தழும்பு இல்லாத ஒடம்பு ஒண்ணுகூட நான் பாத்ததில்ல."

"அவிய வயசு வேற. வாய மூடிட்டுப் படு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மகளை அழவைத்துவிட்டு எனக்கு மட்டும் தூக்கமா வரும்?

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு, திரும்பிப் போகிற பஸ்ஸை விசாரித்துவிட்டு வருகிறேன் என்று அவள் கீழே இறங்கிப் போனாள். தங்கியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், புதிதாக யாரும் வரவில்லை. பெண்கள் குளியல் பக்கம் எட்டிப் பார்த்தேன், ஒரு செருப்புகூட இல்லை. இதுதான் நேரம் என்று எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு நுழைந்துவிட்டேன். துணியையும் கடுகுப் பையையும் உடை மாற்றும் அறையில் கழற்றி வைத்தேன். உள்ளே குட்டை முக்காலிகளும் வாளிகளும் கைக்குழாய்களும் வரிசையாக இருந்தன. அங்கே உட்கார்ந்து உடம்பைக் கழுவிக்கொண்டுதான் குளத்தில் இறங்க வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். கதவுக்கு வெளியே, பனிக்கு நடுவே குளம். தண்ணீர் பாலாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த குற்றாலத்துக்காரி விழித்துக்கொண்டாள். இவ்வளவு நல்ல தண்ணீரில் எண்ணெய் இல்லாமல் யாராவது குளிப்பார்களா? நாலு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டேன். கழுவியாயிற்று. பிறகு முக்காலியில் உட்கார்ந்து உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெயை அரக்கித் தேய்த்தேன்.

அப்போதுதான் கதவு திறந்து இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர்கள். அவசரமாகத் துண்டை எடுத்து நெஞ்சை மறைத்துக்கொண்டேன். அங்கே கொடுக்கிற துண்டு நம் சமையல்கட்டுத் துணி அளவுதான் இருக்கும். அவர்கள் தலையை ஆட்டிவிட்டுத் தங்கள் பாட்டுக்கு உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார்கள். தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் பிழைத்தேன், பால் நிறத்தில் ஒன்றும் தெரியாது என்று நான் வேகமாகக் குளத்தை நோக்கி நடந்தேன். படியில் கால் வைக்கப் போனபோது பின்னால் ஒரு சத்தம். திரும்பினேன். இருவரில் குட்டையான அம்மாள் எழுந்து ஓடி வந்து, இரண்டு கைகளையும் தன் நெஞ்சுக்கு முன்னால் குறுக்காக வைத்துக் காட்டினார். கூடாது, இறங்காதே என்று தலையையும் ஆட்டினார்.

நெஞ்சைக் காட்டி இறங்காதே என்றால் வேறு என்ன அர்த்தம்? எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. நாலு வருடம் அடக்கி வைத்த கோபம். துண்டைத் தூக்கித் தரையில் எறிந்தேன்.

"ஆமா, ஒண்ணு இல்ல! புத்து வந்து எடுத்தாச்சு! அதுக்கென்ன இப்ப? ஒங்க குளம் கெட்டுப் போயிருமோ?"

அந்த அம்மாள் கொஞ்சமும் அசரவில்லை. பக்கத்தில் வந்து என் தலைமுடியை ஒரு விரலால் தொட்டார். விரலை என் கண் முன்னால் நீட்டினார். எண்ணெய் சொட்டியது. குளத்தைக் காட்டினார். மறுபடியும் கைகளைக் குறுக்கே வைத்தார். கீழே பார்த்தேன். நான் நடந்து வந்த வழியெல்லாம் கல்லில் எண்ணெய்த் தடம்.

எண்ணெய்! அருவி என்றால் அடித்துக்கொண்டு போய்விடும். இது எல்லோரும் உட்காருகிற குளம். நான் இறங்கியிருந்தால் ரசத்தில் தாளிதம் மிதக்கிற மாதிரி என் நல்லெண்ணெய் அவர்களைச் சுற்றி மிதந்திருக்கும். வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, பின்னாலேயே அழுகையும் வந்தது. அவர் என் அழுகையையும் பொருட்படுத்தவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முக்காலியில் உட்கார வைத்தார்.

மூன்று தடவை ஷாம்பு போட்டார்கள். ஒருவர் ஊற்ற, ஒருவர் தேய்க்க. பிசுக்குப் போகவில்லை என்று அவர்கள் தங்களுக்குள் அலுத்துக்கொண்டது பாஷை தெரியாமலே புரிந்தது. முதுகு, தோள், அக்குள் என்று சோப்புக்கை போய்க்கொண்டே இருந்தது. இடது பக்கம் வந்தது. தழும்பின் மேல் ஏறி இறங்கி அந்தப் பக்கம் போயிற்று. வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு நானே அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டுதான் தொடுவேன்.

எழுந்ததும் பழக்க தோஷத்தில் துண்டை நெஞ்சுக்குப் பிடித்தேன். குட்டை அம்மாள் அதைப் பிடுங்கினார். துண்டு தண்ணீரில் படக்கூடாதாம். பிழிந்து, நாலாக மடித்து, என் தலை மேல் வைத்தார். அவ்வளவுதான். மறைக்க என்று இருந்த ஒரே துணியும் தலைக்குப் போய்விட்டது. அப்படியே இறங்கினேன். சூடு முதலில் சுரீர் என்றது. பிறகு எலும்பு வரைக்கும் இதமாக இருந்தது.

பஸ்ஸை விசாரித்துவிட்டு வந்த மகள், அறையில் என்னைக் காணாமல் ஓடி வந்திருக்கிறாள். இரண்டு ஜப்பான்காரிகளுக்கு நடுவில், தலையில் துண்டோடு நான்.

"எம்மா!"

"சத்தம் போடாதட்டி. வந்து இறங்கு. குளிச்சிட்டு இறங்கு."

கைகளைக் குறுக்கே வைத்தால் அந்த ஊரில் வெறுமனே 'கூடாது' என்று அர்த்தம் என்பதை அவள்தான் சொன்னாள். குட்டை அம்மாள் அது என்ன எண்ணெய், வாசம் நன்றாக இருக்கிறதே என்று விசாரித்தார். எனக்கு வேறொன்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

"என் நெஞ்சைப் பாத்து அவிய என்ன நெனச்சாவன்னு கேளு."

மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி நிதானமாக ஏதோ கேட்டார். மகள் அதை எனக்குச் சொன்னாள்.

"குளிருல தழும்பு இழுக்குதான்னு கேக்காவ."

இழுக்கும். அங்கே போனதில் இருந்தே இழுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். அப்படியென்றால் தோள் முங்குகிற மாதிரி இன்னும் கீழே உட்கார் என்று சைகை காட்டினார். உட்கார்ந்தேன். தன் வயிற்றில் இருந்த பழைய தழும்பு ஒன்றைத் தடவிக்கொண்டே அவரும் உட்கார்ந்தார்.

ஊருக்குத் திரும்பினேன். வைகாசி கடைசியில் ஒரு காலை, மலை தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியது. மதியம் சாரல். இவர் கடைக்கு வந்து எதுவும் கேட்காமல் துண்டை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு துண்டு எடுங்க" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். காரணம் கேட்காமல் இன்னொரு துண்டை எடுத்து வைத்தார். நான் கடையைப் பூட்டினேன்.

அன்றைக்கு எண்ணெய் தேய்க்கவில்லை. அந்தப் பலகை எனக்கும்தான் என்று புத்தி வந்திருந்தது. குற்றாலத்தில் உடை மாற்றும் அறையில் நைட்டிக்கு மாறிக்கொண்டு, கடுகுப் பையைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தேன். "நனையாம பாத்துக்கிடுங்க."

"மொளச்சிராது. நீ போ" என்றார். அதற்குள் கடுகு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். இடித்துக்கொண்டு உள்ளே போனேன். முதல் அடி உச்சந்தலையில் விழுந்தது, அடுத்தது தோளில். துணி ஒட்டிக்கொண்டது, எங்கே ஒட்ட வேண்டுமோ அங்கே. என்னிடம் கல்யாண ரவிக்கை தைத்த ஒருத்தி பக்கத்தில் நின்றாள். என் நெஞ்சைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் தலையிலும் தண்ணீர் அறைந்தது. கண்ணைத் துடைக்கவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. முதுகை ஒரு கை பிடித்துத் தள்ளியது.

"எக்கா, நீங்க மட்டும் நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? நகருங்க, நாங்களும் குளிக்கணும்லா!"

இவ்வளவு சந்தோஷமான திட்டை நான் என் ஆயுளில் வாங்கியதில்லை.

"ஏட்டி, நாலு சீசன் தண்ணி எனக்குப் பாக்கி கெடக்கு. பேசாம இப்படி வா" என்று அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டேன்.